சொன்னால் முடி கொட்டும்

என் உச்சந்தலையை நான் முதன்முதலாகப் பார்த்தது கடையின் கேமரா திரையில். பார்த்தபோது அது என்னுடையது என்று எனக்குத் தெரியாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். எங்கள் கடையில் திரும்பின பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி. வாடிக்கையாளர் ஒரு ஃபிரேமைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்துக்குப் பின்னால் என் முகமும் தெரியும். ஆகவே என் முகத்தை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. முன்னால் முடி இருந்தது. காதோரம் இருந்தது. அதனால் மேலேயும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மேலிடத்தில் என்ன நடக்கிறது என்று கீழே இருக்கிறவர்களுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

முதலாளி கூரையில் புதிதாக ஒரு கேமரா மாட்டினார். படம் ஒழுங்காக வருகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கல்லாப் பக்கத்தில் ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். உச்சியில் ஒரு சாஸர் அகலத்துக்கு வழுக்கை. விளக்கு வெளிச்சம் பட்டு அது மினுங்கியது. வயதானவரை இப்படி நிற்க வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. உட்காருங்க ஐயா என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அங்கே யாரும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தேன். பெரியவர் அங்கேயேதான் நின்றிருந்தார். நான் கையைத் தூக்கித் தலையைத் தடவினேன். அவரும் தடவினார்.

அந்த நிமிஷத்தில் என்னைப் பிடித்த பயம், அதற்குப் பிறகு பல உருவம் எடுத்தது. முதல் உருவம் இதுதான்.

தலையணையைப் பார்க்கப் பயம். குளியலறைத் தண்ணீர் போகும் துவாரத்தைப் பார்க்கப் பயம். சீப்பைக் கண்டால் பயம். கடையில் யாராவது கீழே விழுந்த லென்ஸை எடுத்துத் தரச் சொன்னால், நான் குனியாமல் முழங்காலை மட்டும் மடக்கி, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தரையைக் கையால் துழாவி எடுத்துக் கொடுத்தேன். தலைகுனிவு என்ற சொல்லுக்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. முதலாளி என்னிடம் தனியாக, முதுகுப் பிடிப்பா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். முதுகுக்கு அனுதாபம் கிடைக்கும். தலைக்குச் சிரிப்புதான் கிடைக்கும்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த கைக்கண்ணாடி ஒன்றைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அலமாரிக் கண்ணாடி முன்னால் கழுத்தைக் கோணிக்கொண்டு நான் நின்றதை என் மனைவி பார்த்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. அது போய் ரொம்ப நாள் ஆச்சே, உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா என்று மட்டும் கேட்டாள். தோல் டாக்டர் ஒருத்தரைப் பார்க்கச் சொல்லி, அவளே போன் செய்து நேரமும் வாங்கிக் கொடுத்தாள்.

என் மனைவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் ஒரு பார்சல் லாரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எந்த மூட்டை எந்த வண்டியில் ஏற வேண்டும், எது முதலில் இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் அவள்தான். அங்கே லோடு ஏற்றுகிற ஆட்கள் முதலாளிக்குப் பயப்படுவதைவிட அவளுக்கு அதிகமாகப் பயப்படுவார்கள். அவள் சத்தம் போட மாட்டாள். மூட்டையை ஒரு பார்வை பார்ப்பாள், வண்டியை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். என்னையும் சில சமயம் அப்படிப் பார்ப்பாள்.

எங்களுக்குள் ஒரே ஒரு தகராறு இருந்தது. வீடு. நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடி. லிப்ட் கிடையாது. மழை பெய்தால் படுக்கை அறையில் ஒழுகும். அவள் அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில். ஒரு பஸ் பிடித்து, இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். என் கடையோ வீட்டு ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவள் அலுவலகப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று அவள் சொல்வாள். பார்க்கலாம் என்று நானும் சொல்வேன். அவள் சொல்கிற பார்க்கலாமில் பார்ப்பது இருக்கும். என்னுடையதில் இருக்காது.

எனக்கு வீடு மாறுவது என்றாலே குலை நடுங்கும். சாமான்களை மூட்டை கட்டுவது, புது இடத்தில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாமல் முழிப்பது, முன்பின் தெரியாத அக்கம்பக்கத்தாரிடம் பல்லைக் காட்டுவது, எல்லாமே பயம். அதனால் தினமும் சாயங்காலம் அவள் பேச்சை எடுப்பாள், நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். ஒழுகுகிறது என்பாள். வெயில் காலம் வருதே என்பேன். இப்படியே பல வெயில் காலம் வந்து போய்விட்டது.

தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். பூதக்கண்ணாடியை என் தலைமேல் வைத்து, நிலம் வாங்கப் போகிறவர் மாதிரி மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். பிறகு சொன்னவை எல்லாம் ரொம்பச் சாதாரணமாக இருந்தன. ஈரத் தலையைத் துண்டால் பரபரவென்று தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். கொதிக்கிற வெந்நீரைத் தலையில் ஊற்றக் கூடாது. பல் அகலமான சீப்பு வேண்டும். நகத்தால் பிராண்டாமல் விரல் நுனியால் மெதுவாகப் பிடித்துவிட வேண்டும். கீரை, பருப்பு, முட்டை சாப்பிட வேண்டும். நேரத்துக்குத் தூங்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துக் கண்டதையும் வாங்கித் தடவக் கூடாது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கடைசியாக, நான் எழுந்திருக்கும்போது, மனசை அமைதியா வெச்சுக்குங்க என்றார். எல்லா டாக்டரும் எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் படியிறங்கும்போது அந்த ஒரு வரி என் காதுக்குள் மணி மாதிரி அடித்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவி டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். துண்டு, சீப்பு, கீரை, முட்டை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஒரு பொய்யைச் சேர்ப்பதென்றால் அதற்கு முன்னால் நிறைய உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மனசுதான் முக்கியமாம். வீட்டுல எந்தப் பிரச்சினையையும் யாரும் என் காதுல போடக் கூடாதாம். குறிப்பா சாயங்காலத்துல."

"சாயங்காலம்னு டாக்டரே சொன்னாங்களா?"

"சாயங்காலம்தான் முடியோட வேர் இளகுமாம்."

அவள் என்னை ஒரு மூட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு, "சரிங்க. இனிமே நான் எதையும் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சரிங்க என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஓர் ஆனால் வரும். அன்றைக்கு வரவில்லை. நான் அதைக் கவனிக்காமல் வெற்றிக் களிப்பில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, விரல் நுனியால் தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

முதலில் சொர்க்கமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுப் பேச்சு கிடையாது. ஒழுகல் பேச்சு கிடையாது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கதை கிடையாது. சாப்பாட்டில் கீரை வந்தது, முட்டை வந்தது. நான் குளித்துவிட்டு வந்தால், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் மகள் வாசலிலேயே நின்று, தேய்க்காதீங்கப்பா, ஒத்தி எடுங்க என்பாள். நேரமானால் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிவிட்டு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு ராஜாவை இப்படித்தான் கவனித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மகுடத்துக்கும் முடி என்றுதானே பெயர்.

பிறகு மெதுவாகச் சந்தேகம் வர ஆரம்பித்தது.

படுக்கை அறையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே எப்போதும் ஒரு நீல வாளி இருக்கும். ஒருநாள் அதைக் காணோம். மழையும் பெய்துகொண்டிருந்தது. ஒழுகல் நின்றுவிட்டதா, வேறு இடத்துக்குப் போய்விட்டதா, வாளி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. கேட்டேன். அதெல்லாம் நீங்க யோசிக்க வேண்டாம் என்றாள் மனைவி. இல்லை, சும்மா தெரிஞ்சுக்கத்தான் என்றேன். தெரிஞ்சா கவலை வரும், கவலை வந்தா முடி கொட்டும் என்று சொல்லிவிட்டு என் முன்னால் முட்டையை வைத்தாள்.

அதே சமயத்தில் என் தலையணையையும் தன்னுடையதையும் கட்டிலின் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டாள். இனிமேல் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் என்றாள். டாக்டர் இப்படி ஏதாவது சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் டாக்டர் சொல்லாததை நானே ஒன்று சேர்த்திருக்கிறேனே. எதைச் சொல்லி மறுப்பது? படுத்தேன்.

போன் வந்தால் அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். முன்பெல்லாம் என் எதிரிலேயே பேசுவாள், நான்தான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். இப்போது டிவியை ஊமையாக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருநாள் கதவிடுக்கு வழியாக ஒரு வாக்கியம் முழுதாக வந்து விழுந்தது. "அவருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு. கடைசி நாள் வரைக்கும் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்."

கடைசி நாள். எதற்குக் கடைசி நாள்? முடிவு என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு முடி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மகளைப் பிடித்தேன். அம்மா ஏதாவது திட்டம் போடுறாளா என்று தேன் ஒழுகக் கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். சமையலறையிலிருந்து ஒரு கரண்டிச் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு என் தலையை அன்போடு தடவி, நீங்க நல்லா இருந்தா போதும்ப்பா என்றாள். கல்லூரிக்குப் போகிற பெண் அப்பாவிடம் பணம் கேட்காமல் அன்பு காட்டினால் அது சாதாரண விஷயம் இல்லை.

எதிர்வீட்டில் ஒரு ரயில் கார்டு இருந்தார். ஓய்வு பெற்றவர். தலையில் பேருக்குக்கூட ஒரு மயிர் கிடையாது, அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. படிக்கட்டில் அவரை நிறுத்தி, பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். ஒரு பொம்பளை திடீர்னு சண்டை போடுறதை நிறுத்திட்டா என்ன அர்த்தம்?

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு அமைதி வரும், தம்பி. ஏற வேண்டியவங்க ஏறிடுவாங்க. வழியனுப்ப வந்தவங்க மட்டும் பிளாட்பாரத்துல நிப்பாங்க. யாரும் பேச மாட்டாங்க."

"நான் வண்டியிலயா, பிளாட்பாரத்துலயா?"

"உங்களைப் பார்த்தா டிக்கெட் எடுத்த மாதிரி தெரியலையே" என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறிப் போய்விட்டார்.

அவள் என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறாள். எனக்குத் தெளிவாகிவிட்டது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். அவள் பக்கத்துத் தட்டு பாதி காலி. மகளின் புத்தகங்கள் பாதி காணோம். கட்டிலுக்கு அடியில் மடித்துவைத்த அட்டைப் பெட்டிகள். பார்சல் அலுவலகப் பெட்டிகள். ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டு போக அவளுக்கு வெளியாள் உதவிகூடத் தேவையில்லை.

அவளிடமே கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் என் தலையைப் பார்த்தாள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. கேட்டால், டாக்டர் சொன்னது என்ன ஆச்சு என்பாள். டாக்டர் சொல்லவில்லை என்றால், அப்போ யார் சொன்னது என்பாள். நான் கட்டிய கோட்டைக்கு நான் வாசல் வைக்க மறந்துவிட்டேன்.

அப்புறம் அந்த மனிதர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை. கையில் அளவு நாடா. என் மனைவி அவரை நேராகப் படுக்கை அறைக்கு அழைத்துப் போனாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவர் கட்டிலின் நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். வாசல் நிலையை அளந்தார். பிறகு நான் முன்பு தலை வைத்துப் படுத்த இடத்தில் நின்று, மேலே ஆகாயத்தைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ரொம்ப நாள் தாங்காதும்மா என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வெளியே வரும்போது என்னைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டார். அந்த வணக்கத்தில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். எல்லாம் இப்போது வேறு மாதிரி கூடிவந்தது. டாக்டரிடம் நேரம் வாங்கியவள் அவள். டாக்டர் அவளிடம்தான் உண்மையைச் சொல்லியிருப்பார். முடி கொட்டுவது வெறும் அறிகுறி. உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது. அதனால்தான் முட்டை, அதனால்தான் கீரை, அதனால்தான் சண்டை இல்லை, மகளின் அன்பு, கடைசி நாள் வரை சொல்ல வேண்டாம் என்ற ஏற்பாடு. கட்டிலை அளந்தவர் வாசலையும் ஏன் அளந்தார் என்பதும் புரிந்தது: என்னைத் தூக்கிக்கொண்டு போக. ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. அவள் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. வழியனுப்பத்தான் நிற்கிறாள்.

அன்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். மூக்கு நுனியில் வியர்வை. இத்தனை வருஷம் இரண்டு பஸ் ஏறி இறங்கியவள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனவன். அவள் திரும்பி, என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒற்றித்தான் எடுத்தேன். தேய்க்கவில்லை.

அடுத்து வந்த ஒரு காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள். வழக்கமாக வர மாட்டாள். சாயங்காலம் அவசரப்படாம நிதானமா வாங்க என்றாள். அவள் கண்ணில் ஏதோ பளபளத்தது. அதுதான் அந்தக் கடைசி நாள் என்று எனக்குப் பட்டது.

கடையில் வேலை ஓடவில்லை. கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி, நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னார். முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே டாக்டரிடம் போய் நின்றேன்.

"டாக்டர், மறைக்காதீங்க. எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

டாக்டர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்துத் தலையைப் பார்த்தார். கொட்டுவது குறைந்திருக்கிறது, இருக்கிற முடி பலமாக இருக்கிறது, நல்ல பழக்கங்களை விடாமல் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். உச்சியில் போனது போனதுதான், அது அப்பா வழியில் வருவது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றார். உடம்பில் வேறு எந்தக் கோளாறும் இல்லை, நூறு வயது இருக்கலாம் என்றார். அப்படியானால் என் மனைவியிடம் ஏன் ரகசியமாக ஏதோ சொன்னீர்கள் என்று கேட்டேன்.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் முதல் தடவை வந்துபோன மறுநாளே என் மனைவி போன் செய்தாளாம். என்னென்ன சமைக்கலாம் என்று விசாரித்தாளாம். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாளாம்.

"சாயங்காலம் முடியோட வேர் இளகுமா டாக்டர்னு கேட்டாங்க. அப்படி எதுவும் கிடையாதேன்னேன். ‘சரி டாக்டர், நீங்க அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, அவர் நிம்மதியா இருக்கட்டும்’னுட்டு வெச்சுட்டாங்க."

நான் சாகப் போவதில்லை என்ற சந்தோஷம் கிளினிக் வாசல் வரைக்கும்தான் தாங்கியது. அவளுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். நான் சாகவும் போவதில்லை. அப்படியானால் அந்த அட்டைப் பெட்டிகள்? விட்டுவிட்டுப் போகிற பயம் பழையபடி வந்து கழுத்தைப் பிடித்தது. ஓடினேன். எத்தனையோ வருஷமாக நான் ஓடினதில்லை. படிக்கட்டில் மூச்சு இரைத்து, கடைசி மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

கூடத்தில் என் நாற்காலி இருந்த இடத்தில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. சுவரில் ஆணித் துவாரங்கள். சமையலறையில் கழுவி விட்ட ஈரம் இன்னும் காயவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன்; என் குரல் எனக்கே எதிரொலித்தது. படுக்கை அறைக்குப் போனேன். கட்டில் இல்லை. கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில், தரையில் ஒரு குவியல் சுண்ணாம்பும் செங்கல் துண்டும் கிடந்தன. அண்ணாந்து பார்த்தேன். கூரை பிளந்து கம்பி தெரிந்தது. என் தலையணை போன மாதம்வரை இருந்த இடத்துக்கு நேர் மேலே.

அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டு கார்டு வந்து எட்டிப் பார்த்தார். மத்தியானம் கட்டிலை நகர்த்தின கொஞ்ச நேரத்தில் அது விழுந்ததாம். அளவு நாடாவோடு வந்தவர் மேஸ்திரியாம்; இதை எதிர்பார்த்துத்தான் வீட்டம்மா அவரைக் கூட்டிவந்து கூரையைக் காட்டினார்களாம், கட்டில் வாசல் வழியாகப் போகுமா என்றும் பார்க்கச் சொன்னார்களாம். லாரி கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது என்றார். புது வீட்டு விலாசத்தைச் சொன்னார். அவரு படபடன்னு வருவாரு, தண்ணி குடுத்து உட்காரவெச்சு மெதுவா சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க என்றார். தண்ணீர் டம்ளரையும் நீட்டினார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். உங்க முடிக்காகத்தான் என்று அந்த முடியில்லாதவர் சொன்னார்.

ஒரு பஸ் ஏறினேன். இறங்கினேன். இன்னொரு பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன். என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றால் என் உச்சந்தலை தெரியுமே என்ற எண்ணம்கூட அன்று வரவில்லை.

தரைத்தள வீடு. மனைவி கதவைத் திறந்தாள். முகத்தில் தூசி, தலையில் ஒரு துணி கட்டியிருந்தாள். செருப்பை அந்தப் பக்கம் விடுங்க என்றாள். உள்ளே கட்டில் போட்டாகிவிட்டது. அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது. ஜன்னலோரம் என் நாற்காலி, பக்கத்தில் அந்த நீல வாளி. மகள் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே இது எந்த விளக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்காக. ஒரு நாளில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு குடும்பம் ஊரின் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"நீ என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உங்களை விட்டுட்டு எங்கே போறது? கூரை விரிசல் விட்டிருக்குன்னு எத்தனை சாயங்காலம் சொல்ல வந்தேன். நீங்க தண்ணி குடிக்கப் போயிட்டீங்க. அப்புறம் சொல்லவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு வேற."

"டாக்டர் அப்படிச் சொல்லலைன்னு உனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும். கால்மாட்டுப் பக்கம் தலை வெச்சாலும் ரத்தம் ஓடாதுன்னு உங்களுக்கும்தான் தெரியும். நீங்க ஒரு வரி சேர்த்தீங்க. நான் ஒரு வரி சேர்த்தேன்."

மகள் ஸ்விட்சைப் பார்த்துச் சிரித்தாள். கடைக்கு இனி எப்படிப் போவது என்று மெதுவாகக் கேட்டேன். இரண்டு பஸ் இருக்கிறது என்றாள். அவற்றின் நேரம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதல் பஸ்ஸில் இடம் கிடைக்காது, இரண்டாவதில் பின்பக்கம் ஏறினால் சில நாள் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தாள். அதற்குள் வறுத்த முட்டை வந்தது. சாப்பிட்டேன். இத்தனை பயத்திலும் கொட்டாத முடி இனிமேலா கொட்டப் போகிறது என்று ஒரு தைரியம் வந்தது.

தைரியம் வந்ததும் ஒரு சந்தேகம் வந்தது. இந்த வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருந்தது. கூடத்து மூலையில் இன்னும் பிரிக்காத ஒரு பெரிய பெட்டி இருந்தது. அது எங்கள் பெட்டி இல்லை. இத்தனை நாளில் இவள் வீட்டை மட்டும்தானா மாற்றியிருப்பாள்?

"எனக்குத் தெரியாம வேற ஏதாவது முடிவு பண்ணியிருக்கியா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கு. சொல்லட்டுமா?"

நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். கூடுதல் அறையின் சாத்தின கதவைப் பார்த்தேன். நாக்கு வறண்டது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அதனால் எழுந்து போகவும் வழியில்லை. கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"இப்ப வேண்டாம். உச்சியில முடி வளரட்டும். அப்புறம் சொல்லு."

"அப்படின்னா சொல்லவே வேண்டியதில்லை" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, அவள் சமையலறைக்குப் போனாள்.